மூன்றாம் சரிவில் ஒரு சமாதி

— மன்னிப்பா? நானா? இன்னொரு தடவை சொல்லுண்ணே, அடுப்புச் சத்தத்துல சரியா விழலை.

— நல்லாவே விழுந்துச்சு உனக்கு. நான் என்ன சொல்றேன்னா, சொல்மி, அந்தப் பையனோட அப்பா கீழ மேனேஜர் ரூம்ல உக்காந்திருக்காரு. ஆந்தொங்லேர்ந்து விடியறதுக்குள்ள வண்டியை எடுத்துட்டு வந்திருக்காரு. நீ இந்த ஸ்கீ சரிவுக் காவல் குடிசையை விட்டுக் கீழ வா. அவர் முன்னாடி தலையைக் குனி. தப்பு நடந்துபோச்சு, மன்னிச்சிடுங்கன்னு ஒரு வார்த்தை சொல்லு. அவ்வளவுதான், முடிஞ்சுபோச்சு.

— எதுக்குக் குனியணும்? அவர் பையன் எங்கப்பா நெஞ்சு மேல ஏறிக் குதிச்சதுக்கா?

— நம்மப்பா.

— ஓ, உனக்கும் அப்பாதானா? நேத்து பார்த்தப்ப அப்படித் தெரியலையே.

— ஆரம்பிச்சுட்டியா?

— நேத்து புத்தாண்டு. நானும் அம்மாவும் முழங்கால் வரைக்கும் பனியில புதையப் புதைய இந்தச் சரிவுல ஏறினோம். சுத்திக் கட்டின வலைக்குள்ள போய் அப்பா சமாதி மேல இருந்த பனியை ஒதுக்கினோம். சோஜு சாராயம் ஊத்தினோம், அரிசிப் பலகாரம் வச்சோம், விழுந்து கும்பிட்டோம். மூத்த புள்ளை நீ என்ன பண்ணினே? வலைக்கு வெளியில நின்னு போனை நோண்டிட்டிருந்தே.

— இடுப்பு வலின்னு சொன்னேன்ல.

— இடுப்பு வலிக்காரன் மத்தியானமே கடையில ஸ்கீ பூட்ஸ் பெட்டியை எல்லாம் தலைக்கு மேல தூக்கித் தூக்கி அடுக்கினானே, அது யாரு?

— சரி, என்னைத் திட்டு. எவ்வளவு வேணும்னாலும் திட்டு. முதல்ல இதை முடிச்சுட்டுத் திட்டு. அந்த ஆளு மத்தியானச் சாப்பாடு முடிச்சதும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போறாராம். பையனுக்குத் தோள் எலும்பு முறிஞ்சிருக்கு. உன் முதுகுல என்ன எழுதியிருக்குன்னு தெரியுமில்ல? பாதுகாப்புன்னு எழுதியிருக்கு. சிவப்புச் சட்டையைப் போட்டுக்கிட்டு, சறுக்க வந்த ஆளை ஸ்கீ கம்பால அடிச்சிருக்கே நீ.

— நான் கம்பால ஒண்ணு போட்டேன். எலும்பு முறிஞ்சது அவன் விழுந்ததுல.

— ஆமா, இதைப் போய் கோர்ட்ல சொல்லு, கை தட்டுவாங்க. மேனேஜர் தெளிவாச் சொல்லிட்டாரு. அவர்கிட்ட மன்னிப்புக் கேட்டா இந்த வேலை நிலைக்கும். கேக்கலைன்னா இன்னைக்கே சட்டையைக் கழட்டிக் குடுத்துட்டுப் போகணும். போலீஸ்ல பேர் ஏறிட்டா அப்புறம் எந்த மலையிலயும் உன்னைக் குழந்தைங்களுக்குச் சொல்லிக்குடுக்க விடமாட்டாங்க. உனக்குத் தெரிஞ்சது ஸ்கீ ஒண்ணுதான். அதுவும் போச்சுன்னா என்ன பண்ணுவே? என் கடையில வந்து ஈர பூட்ஸ் துடைப்பியா?

— துடைக்கறேன். அந்தப் பய கால்ல போய் விழறதுக்கு அது எவ்வளவோ மேல்.

— கால்ல விழச் சொல்லலையே. குனின்னுதானே சொன்னேன். அவன் தெரியாமப் பண்ணிட்டான்டி. பனி மூடிட்டா அது வெறும் மேடு. சியோல்ல படிக்கற பசங்க, பெரிய இடத்துக்குப் போகக் காசில்லாம நம்ம தல்பாத் மைதானத்துக்கு வர்றானுங்க. மேட்டைப் பார்த்தா குதிக்கத் தோணும். பனிப்பலகை மேல நிக்கறவனுக்கு மேடுன்னா அதுதான்.

— தெரியாம. அதை மட்டும் சொல்லாதே. சுத்தி ஆரஞ்சு வலை கட்டியிருக்கேன். பெரிசாப் பலகை வச்சிருக்கேன், இது சமாதி, விலகிப் போங்கன்னு. காலேஜ்ல படிக்கறவனுக்கு எழுத்துப் படிக்கத் தெரியாதா? வலையைத் தூக்கி ஒருத்தன் பிடிச்சுக்கிட்டான். இன்னொருத்தன் மம்மட்டியால பனியைக் கொட்டிக் கொட்டி ஏறுதளம் போட்டுக் குடுத்தான். இன்னும் ரெண்டு பேர் போனைப் பிடிச்சுட்டு நின்னானுங்க. அவன் மேலேர்ந்து வந்து ஏறிப் பறந்தான். அம்மா வச்ச பலகாரம் அவன் பனிப்பலகை பட்டுச் சிதறிப் போய் வலையில ஒட்டிச்சு. சோஜு கிண்ணம் எங்க போச்சுன்னு இன்னும் கிடைக்கலை. நாங்க கும்பிட்டுக் கீழ எறங்கி ஒரு சூப் குடிச்சிருப்போம், அதுக்குள்ள. கை சும்மா இருக்குமா?

— இருக்கணும். சம்பளம் வாங்கறது அதுக்குத்தான்.

— உனக்குக் கோபமே வரலையாண்ணே? நிஜமாக் கேக்கறேன். நான் சொல்லும்போது உன் மூஞ்சியில ஒண்ணுமே இல்லையே.

— எல்லாக் கோபத்தையும் வெளியில காட்டிட்டுத் திரிய எனக்குக் கட்டுப்படியாகாது. எனக்குக் கடை இருக்கு, பொண்டாட்டி இருக்கா, படிக்கற பிள்ளைங்க இருக்கு.

— சரி. உனக்காக ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோ. நான் மன்னிப்புக் கேக்கறேன்.

— அப்பாடா. இதைத்தான் மொதல்லேர்ந்து சொல்றேன்.

— இன்னும் முடிக்கலை. அந்தப் பையன் முதல்ல மேல வரணும். சமாதி முன்னாடி ஒரு கிண்ணம் சோஜு ஊத்தி, ரெண்டு தடவை விழுந்து கும்பிடணும். அவன் எந்திரிச்ச அடுத்த நிமிஷம் நான் அவன்கிட்டயும் அவங்க அப்பாகிட்டயும் மன்னிப்புக் கேப்பேன். எவ்வளவு குனியணுமோ அவ்வளவு குனியறேன்.

— அது வேணாம்.

— என்ன வேணாம்?

— கும்பிடறதெல்லாம் வேணாம். நீ சும்மா கேட்டுட்டு வா, போதும்.

— ஏன் வேணாம்? நியாயமாத்தானே கேக்கறேன். அந்த ஆளு ஆந்தொங்காரரு. அந்த ஊர்க்காரங்களுக்குச் செத்தவங்க மரியாதையை யாரும் சொல்லித்தர வேணாம். போய்ச் சொல்லு, அவரே ஒத்துக்குவாரு.

— நான் சொல்லமாட்டேன். தோள்ல கட்டுப் போட்டுட்டுக் கிடக்கற பையனைப் பனியில விழுந்து கும்பிடச் சொல்றதா? ஊரு சிரிக்கும்.

— அடேயப்பா, எவ்வளவு இரக்கம். நம்மப்பா மேல இதுல பாதி இருந்தா நல்லாருக்கும்.

— நான் என்ன சொல்றேன்னா, சொல்மி, கொஞ்சம் யோசிச்சுப் பாரு. சரிவுக்கு நட்டநடுவுல ஒரு சமாதி. வருஷா வருஷம் எவனாவது ஒருத்தன் வந்து மோதுவான், குதிப்பான். நீ ஓடி ஓடி வலை கட்டுவே. எத்தனை காலத்துக்கு? பேசாம எடுத்து வேற இடத்துல வச்சுட்டா...

— அதானே பார்த்தேன். இப்பத்தான் உண்மை வெளியில வருது.

— என்ன உண்மை?

— கம்பெனிக்காரங்க மூணாம் சரிவை நேராக்கணும்னு ரெண்டு வருஷமா கேக்கறாங்கல்ல. நேரா இருந்தாத்தான் மாணவர் போட்டி நடத்த அனுமதி தருவாங்களாம். போட்டி வந்தா கூட்டம் வரும். கூட்டம் வந்தா ரோட்டோரம் தொக்சு அண்ணன் வாடகைக் கடை ஓஹோன்னு ஓடும். இதுக்கு நடுவுல ஒரே இடைஞ்சல் அப்பா.

— ஆமா, கூட்டம் வரணும்தான். அதுல என்ன தப்பு? பக்கத்து மலையில பெரிய ஹோட்டல், பெரிய லிஃப்ட், வெளிநாட்டுக்காரன் எல்லாம் வர்றான். இங்க யாரு வர்றா? பள்ளிக்கூடப் பசங்க, சர்ச் பசங்க, லீவுல வந்த சிப்பாய்ங்க. நம்ம லிஃப்ட் பாதி நாள் நின்னுபோகுது. இன்னும் ரெண்டு குளிர்காலம் இப்படியே போனா இந்த மைதானத்தையே மூடிருவாங்க. அப்ப உன் வேலையும் இல்லை, என் கடையும் இல்லை, அம்மாவோட சாப்பாட்டுக் கடையும் இல்லை.

— மூடட்டும். நான் வலையை எடுத்துட்டு வந்து புல்லு வெட்டிட்டு இருப்பேன்.

— நீ புல்லு வெட்டறது பெருமையா இருக்காக்கும்.

— பெருமைதான். மூத்த புள்ளை ஒருத்தன் கூலிக்கு ஆளை அனுப்பி வெட்டச் சொல்லு, எனக்கு போட்டோ வந்தாப் போதும்ங்கறான். பொண்ணு நான் அறுவடைப் பண்டிகைக்கு அரிவாளைத் தூக்கிட்டு மலையேறறேன். பக்கத்து மலைக்காரங்க என்னைத் தலைமைப் பயிற்சியாளரா வான்னு ரெண்டு தடவை கூப்பிட்டாங்க. போனேனா? நான் போயிட்டா யாரு வலை கட்டுவா? நீயா?

— யாருடி உன்னைப் போக வேணாம்னு சொன்னா? நானா சொன்னேன்? போயிருக்கணும் நீ. கையில இவ்வளவு திறமையை வச்சுக்கிட்டு இந்த ஓட்டை மைதானத்துல வந்து உக்காந்திருக்கியேன்னு நான் எத்தனை நாள் வயிறெரிஞ்சிருக்கேன் தெரியுமா?

— உனக்குப் புரியாதுண்ணே. நீ அவர்கூடப் பதினாலு வருஷம் இருந்தே. கோஸ் வயல்ல அவர் தோள் மேல உக்காந்திருப்பே, அவர்கிட்ட அடி வாங்கியிருப்பே. எனக்கு அஞ்சு வயசு. அவர் மூஞ்சி எனக்கு ஞாபகமே இல்லை. குரல் எப்படின்னு தெரியாது. எனக்கு அப்பான்னா அந்த மேடுதான். வேற எதுவும் கிடையாது. சின்னப் பிள்ளையில ஸ்கூல் விட்டு வந்து அதுமேல சாஞ்சுக்கிட்டுத்தான் வீட்டுப்பாடம் எழுதுவேன். அதை எடுத்து வேற இடத்துல வைக்கலாம்னு சாவகாசமாச் சொல்றே நீ.

— எனக்கு ஞாபகம் இருக்கறதுதான்டி என் கஷ்டம். சரி, விடு. வா, கீழ போகலாம்.

— வரமாட்டேன்.

— சொல்மி, என் பொறுமைக்கும் ஒரு அளவு இருக்கு.

— என்ன பண்ணுவே? அடிப்பியா? கம்பு அந்த மூலையில இருக்கு, எடுத்துக்கோ. கொஞ்சம் வளைஞ்சிருக்கும்.

— உள்ள வரலாங்களா?

— ஐயா, நீங்க ஏன் மேல ஏறி வந்தீங்க? நாங்களே கீழ வர்றதா இருந்தோம். உள்ள வாங்க, கதவைச் சாத்துங்க, காத்து அடிக்குது. சொல்மி, இவர்தான் ரியூ ஐயா. அந்தப் பையனோட அப்பா.

— வணக்கம்மா. மன்னிக்கணும், சொல்லாம வந்துட்டேன். இந்தத் தோல் ஷூவைப் போட்டுக்கிட்டுப் பனியில ஏறினது என் முட்டாள்தனம். ரெண்டு இடத்துல விழுந்து எந்திரிச்சேன்.

— உக்காருங்க. ஆனா நான் முதல்லயே சொல்லிடறேன், நான்...

— சொல்மி, பெரியவரைப் பேச விடு. ஐயா, இவ கொஞ்சம் படபடன்னு பேசுவா, மனசுல ஒண்ணும் இல்லை. நடந்ததுக்கு நாங்க ரொம்ப...

— தம்பி, ஒரு நிமிஷம். நான் ஒரு விஷயம் கேட்டுக்கறேன். என் பையன் போன்ல சொன்னது ஒண்ணு. சறுக்கிட்டிருந்தேன், இங்க காவல் வேலை பார்க்கற பொம்பளை குறுக்க வந்து காரணமே இல்லாம அடிச்சிட்டாங்கன்னு சொன்னான். உங்களைக் கம்பி எண்ண வைக்கணும்னுதான் வழி பூரா நினைச்சுட்டு வந்தேன், மறைக்கலை. மேனேஜரும் ஏதேதோ மழுப்பினாரு. அப்புறம் கீழ சாப்பாட்டுக் கடையில சூப் வாங்கினேன். ஊத்திக் குடுத்த அம்மா என் மூஞ்சியைப் பார்த்து அழுதாங்க. ஏம்மா அழறீங்கன்னு கேட்டேன். கரண்டியால ஜன்னல் பக்கம் காட்டினாங்க. அதான் நேரா இங்க வந்தேன். அந்த ஆரஞ்சு வலைக்குள்ள இருக்கறது நிஜமாவே சமாதிங்களா?

— ஆமா.

— யாரோடது?

— எங்கப்பாவோடது. அந்த அம்மா வீட்டுக்காரரு.

— என் பையனுக்கு அது தெரியுமா?

— பலகை இருக்குங்க. வலையைத் தூக்கிட்டுத்தான் உள்ள போனான், மேல ஏறிக் குதிச்சான், கூட்டாளிங்க படம் எடுத்தானுங்க.

— பலகையை நானும் படிச்சேன். என் வீட்டுக்கு மேல மலை பூரா எங்க குடும்பச் சமாதிங்க. நடக்கப் பழகின நாள்லேர்ந்து அவனைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய் ஒவ்வொண்ணா கும்பிட வச்சிருக்கேன். புல்லு மேல கால் படாம சுத்தி நடக்கணும்டான்னு சொல்லிச் சொல்லி வளர்த்தேன். அவன் இன்னொருத்தங்க அப்பா மேல ஏறிக் குதிச்சு, அதைப் படம் வேற எடுத்திருக்கான். நேத்துப் புத்தாண்டுக்கு வீட்டுக்கு வரலைன்னு சொன்னப்பவே எனக்கு உறைச்சிருக்கணும். வளர்த்த எனக்குத்தான் வெக்கம்.

— ஐயா, சின்னப் பையன், விடுங்க.

— விட முடியாது தம்பி. பாருங்கம்மா, நீங்க அடிச்சது தப்புதான். அதைச் சரின்னு நான் சொல்லமாட்டேன். ஆனா நான் அந்த இடத்துல நின்னிருந்தா இன்னொரு தோளும் முறிஞ்சிருக்கும். அதனால போலீசு கீலீசு எதுவும் கிடையாது. கீழ போனதும் மேனேஜர்கிட்டயும் சொல்லிடறேன், இந்தப் பொண்ணு வேலையில கை வச்சீங்கன்னா நான் சும்மா இருக்கமாட்டேன்னு.

— கேட்டியாண்ணே? நல்லாக் கேட்டுக்கோ.

— இன்னும் ஒண்ணு இருக்கும்மா. கார்ல சோஜு இருக்கு, காஞ்ச மீனு இருக்கு. எங்க சமாதிங்களுக்குன்னு வாங்கி வச்சது, இப்ப இங்க வேணும். பையன் கார்ல உக்காந்திருக்கான். கூட்டிட்டு வர்றேன். அவனும் விழுந்து கும்பிடட்டும், நானும் கும்பிடறேன். அப்புறம்தான் என்னால நிம்மதியா வண்டியை எடுக்க முடியும்.

— ஐயா... நான் கேக்கணும்னு நினைச்சது இதைத்தான். வேற எதுவும் கேக்கலை. நானும் நேத்து நிதானத்துல இல்லை. உங்க பையனுக்கு வலி வந்ததுக்கு...

— அதை அப்புறம் பேசிக்கலாம்மா. முதல்ல செய்ய வேண்டியதைச் செஞ்சிடறேன்.

— வேணாங்கய்யா.

— என்ன தம்பி?

— கும்பிட வேணாம். நீங்க இவ்வளவு சொன்னதே போதும். பனி வேற கெட்டியாக் கிடக்கு, உங்களுக்குப் பழக்கம் இல்லை. பையன் தோளோட மேல ஏறினா வலி ஜாஸ்தியாகும். நீங்க கிளம்புங்க, வெளிச்சம் இருக்கும்போதே ஊர் போய்ச் சேருங்க.

— அண்ணே, உனக்குப் பைத்தியமா? அவரே வந்து கேக்கறாரு.

— தம்பி, எங்க மன்னிப்பு உங்க அப்பாவுக்கு வேணாம்னு சொல்றீங்களா? நான் தப்பாப் புரிஞ்சுக்கலையே?

— ஐயோ, அப்படி இல்லீங்கய்யா. உங்களை அவமதிக்கணும்னு இல்லை.

— அப்ப வேற என்ன? நீங்க மூத்த புள்ளை. நீங்கதான் எனக்கு முன்னாடி நின்னு கூட்டிட்டுப் போகணும். அப்பா பேர் என்ன, எந்த வம்சம்னு சொல்லுங்க. விழும்போது பேர் சொல்லித்தான் மன்னிப்புக் கேக்கணும், அதான் முறை.

— பேர் சொல்லாதீங்க.

— ஏன்?

— அந்த இடத்துல வச்சு அவர் பேரைச் சொல்லாதீங்க, அவ்வளவுதான்.

— அண்ணே, என்னைப் பாரு. ஜன்னலைப் பார்க்காதே, என்னைப் பாரு. நீ குனியாம நின்னது நேத்து மட்டும் இல்லை. போன அறுவடைப் பண்டிகைக்கும் குனியலை. அப்பவும் இடுப்பு வலின்னே. கும்பிடறதுன்னா உனக்கு மட்டும் வலி வருது. இப்ப அவர் கும்பிடறேன்னாலும் உனக்கு ஆகலை. என்ன பண்ணி வச்சிருக்கே நீ? கம்பெனிக்கு வித்துட்டியா?

— விக்கலை.

— பொய்.

— விக்கலைடி. விக்கலாம்னு நினைச்சேன், அது உண்மை. போன வருஷம் வசந்தத்துல அதிக மாசம் வந்துச்சுல்ல. சமாதியை எடுத்து வைக்கறதுன்னா அந்த மாசம்தான், எந்த தோஷமும் ஒட்டாதுன்னு ஊரே சொல்லுது. உன்கிட்டயும் அம்மாகிட்டயும் கேட்டா விடமாட்டீங்க. எடுத்து நல்ல இடத்துல வச்சுட்டு அப்புறம் சொல்லிக்கலாம்னு நினைச்சேன். ரெண்டு ஆளுங்களைக் கூட்டிட்டுப் போய்த் திறந்தேன். நீயும் அம்மாவும் சித்தி வீட்டுக்குப் போயிருந்தீங்களே, அந்த வாரம்.

— திறந்தியா? எங்களுக்குச் சொல்லாம அப்பாவைத் தோண்டினியா? கோடையில புல்லு ஏன் புதுசா இருக்குன்னு கேட்டேனே. மழையில அரிச்சுப் போச்சு, நான்தான் மண்ணு போட்டேன்னு சொன்னே. எவ்வளவு நெஞ்சழுத்தம் இருந்தா...

— சொல்மி, திட்டு, அப்புறம் திட்டு. முழுசா கேட்டுட்டுத் திட்டு. அவரு கேக்காம விடமாட்டாரு, நானும் இனிமே தாங்கமாட்டேன். உள்ள இருந்தது அப்பா இல்லை.

— என்ன உளர்றே?

— ஒரு பொம்பளை. சின்ன எலும்பு. தலைப் பக்கம் வெள்ளிக் கொண்டை ஊசி இருந்துச்சு, பழைய காலத்துல கட்டிக்கிட்ட பொம்பளைங்க குத்துவாங்களே, அது. கூட வந்த ஆளுங்க என்னைப் பார்த்துச் சிரிச்சுட்டே கேட்டாங்க, அண்ணாச்சி, உங்கப்பா கொண்டை போடுவாரான்னு. அன்னைக்கு நான் செத்திருக்கணும். அந்த அம்மாவை அப்படியே வச்சு மூடி, புல்லு பதிச்சுட்டு வந்துட்டேன்.

— அப்ப அப்பா?

— கொஞ்சம் பொறு.

— அப்பா எங்கண்ணே?

— அப்பாவைப் புதைச்ச அன்னைக்குப் பெரியப்பாவும் ஆம்பளைங்களும்தான் மலைக்கு வந்தாங்க. பொம்பளைங்க சவத்தோட மலை ஏறக்கூடாதுன்னு அம்மாவை வாசல்லயே நிறுத்திட்டாங்க. நான் அப்பா படத்தை நெஞ்சுல பிடிச்சுக்கிட்டு, அழுதுக்கிட்டு, முன்னாடி போறவன் காலைப் பார்த்துக்கிட்டே நடந்தேன். ஒரு பெரிய மரத்தோட அடிக்கட்டை மேல என்னை உக்கார வச்சாங்க. அது மட்டும்தான் ஞாபகம். கல்லு வைக்கக் காசில்லை, ஒரு மரப் பலகை நட்டாங்க. அடுத்த மாசமே அந்தப் பெரிய வெள்ளம் வந்துச்சு, அம்மா அந்த மேட்டை ஒரு தடவைகூடப் பார்க்கறதுக்கு முன்னாடி. மலை சரிஞ்சு பலகை, புல்லு, மரக்கட்டை எல்லாம் மண்ணுக்குள்ள போச்சு. வெள்ளம் வடிஞ்சு போய்ப் பார்த்தா ரெண்டு மேடு இருக்கு, மேல ஒண்ணு, கீழ ஒண்ணு. பெரியப்பாவுக்கு அதுக்குள்ள பாதிப் பார்வை போயிடுச்சு, மீதி நேரம் போதை. மேல இருக்கறதுதான் உங்கப்பன்னு கையைக் காட்டினாரு. நானும் ஆமான்னேன். பதினாலு வயசுப் பையன்கிட்ட மலையை அடையாளம் வச்சுக்கடான்னு யாராவது சொன்னாங்களா? அம்மாவைக் கூட்டிட்டுப் போயிருந்தா அவளுக்குத் தெரியாம இருந்திருக்குமா? முறை, முறைன்னு அவளை நிறுத்திட்டு, ஒரு குடிகாரனையும் ஒரு சின்னப் பையனையும் நம்பினாங்க.

— கீழ ஒண்ணு இருந்துச்சு. எனக்கு ஞாபகம் இருக்கு. சரிவு வெட்ட வந்தப்ப கம்பெனிக்காரங்க அதுல பலகை குத்தியிருந்தாங்க. இந்தச் சமாதிக்குச் சொந்தக்காரங்க யாராவது இருந்தா வந்து சொல்லுங்கன்னு. ரொம்ப நாளா நின்னுச்சு, யாரும் வரலை. நீ கூடச் சொன்னே, பாவம், நாதியத்த பொணம்னு.

— சொன்னேன்.

— அம்மா நம்ம சமாதியில ஊத்தின சோஜுல மிச்சம் இருந்தா அதுக்கும் கொஞ்சம் ஊத்திட்டு வருவா. யாருமில்லாத ஆளாச்சே, போகட்டும்னு சொல்லுவா.

— ஆமாடி. அதுதான்.

— எது?

— சரிவு வெட்டினப்ப மண் தள்ளற மெஷினை ஓட்டின ஆளைத் தேடிப் போய்ப் பார்த்தேன். கீழ் மேட்டுப் பக்கத்துல மண்ணுக்கடியில பெரிய மரத்தோட அடிக்கட்டை ஒண்ணு தட்டுப்பட்டுச்சு, அதை எடுக்கவே பாதி நாள் ஆச்சுன்னான். மேட்டை என்ன பண்ணினீங்கன்னு கேட்டேன். தோண்டியெல்லாம் எடுக்கலை, அது பள்ளமான இடம், மேலேர்ந்து மண்ணைத் தள்ளி நிரப்பி சமமாக்கிட்டோம்னான். அப்பா எங்கயும் போகலை. அங்கதான் இருக்காரு.

— அங்கன்னா எங்க? விரலை நீட்டிக் காட்டு. இந்த ஜன்னல்லேர்ந்து எல்லாம் தெரியும்ல, காட்டு.

— கேக்காதே சொல்மி. அதனாலதான் இத்தனை நாளா...

— காட்டுண்ணே.

— குழந்தைங்களை மேல ஏத்திவிடற பெல்ட் தெரியுதா? அது முடியற இடம். மஞ்சள் கொடி நட்டிருக்கியே, அதுக்குக் கீழ.

— அது நான் நிக்கற இடம்.

— தெரியும்.

— காலையில குழந்தைங்களை வரிசையா நிக்க வைக்கற இடம். குதிங்க, குதிச்சாத்தான் உடம்பு சூடாகும்னு சொல்லிக் குதிக்க வைக்கற இடம். எட்டு வருஷமா. நானும் கூடச் சேர்ந்து குதிக்கறேன்.

— தெரியும்டி. ஒரு வருஷமா கடை வாசல்லேர்ந்து அதைத்தான் பார்த்துட்டு நிக்கறேன். வாயைத் திறந்தா நீ என்ன ஆவேன்னு தெரியலை. திறக்காம இருந்தா நான் என்ன ஆவேன்னு தெரியலை.

— அம்மா, கொஞ்சம் உக்காருங்க. தம்பி, அவங்களுக்குச் சூடா ஏதாவது குடுங்க. பாருங்கம்மா, இதுல உங்க குத்தம் எதுவும் இல்லை. நீங்க தெரியாமப் பண்ணினது.

— தெரியாமன்னு சொல்லாதீங்கய்யா. இப்பத்தான் அந்த வார்த்தைக்கு அண்ணனைக் கிழி கிழின்னு கிழிச்சேன். உங்க பையனுக்கு எந்தத் தோளு?

— இடது தோளு. ஏம்மா?

— அப்ப வலது கை நல்லாத்தான் இருக்கும். போய்க் கூட்டிட்டு வாங்க. அந்த மூலையில என் கம்பு இருக்கு, அதை அவன் கையில குடுங்க, அவனும் ஒண்ணு போடட்டும்.